பிறந்தநாளுக்கு டிராம்போலின் அரங்கா? பத்து நிமிடம் நின்று பாருங்கள்

மழை பிடித்துவிட்டால் குன்னூரில் பிள்ளைகள் ஓடியாட இடமே கிடையாது. பிறந்தநாள் என்றால் பெற்றோர் உள்ளரங்கு விளையாட்டு இடங்களைத் தேடுவது அதனால்தான். நல்ல விஷயம். எலும்பு மருத்துவராக நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: முன்பணம் கட்டுவதற்கு முன்னால், கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து நேரில் போங்கள். டிராம்போலின் என்பது ஸ்பிரிங்கில் இழுத்துக் கட்டிய, ஏறிக் குதிக்கிற விரிப்பு; ஒரு விரிப்பில் எத்தனை பேரை விடுகிறார்கள் என்று கவனியுங்கள்.

போன மழைக்காலத்தில் நாலு வயதுப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "கீழேயே விழலை டாக்டர், குதிச்சிட்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்து அழுதான்" என்றார் அம்மா. வீக்கம் பெரிதாக இல்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே விரலால் மெல்ல அழுத்தினேன், வீறிட்டான். எக்ஸ்ரேயில் மயிரிழை போல ஒரு கோடு. கூட யார் குதித்தது என்று கேட்டேன். "அவன் சித்தப்பாதான், கையைப் பிடிச்சுக்கிட்டு." பின்னால் நின்றிருந்த அந்தத் தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே இருந்த பணியாளர் ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்க வேண்டும்.

கனமானவர் குதித்து எழும்பும்போது, அவர் அமுக்கிய விரிப்பு விசையோடு மேலே வரும். அதே நொடியில் குழந்தை கீழே இறங்கினால், அந்த விசை முழுவதும் பிஞ்சுக் காலில் ஏறுகிறது. விழாமலே எலும்பு விரிசல் விடுவது இப்படித்தான். டிராம்போலின் காயங்களில் சுமார் முக்கால் பங்கு பலர் சேர்ந்து குதிக்கும்போது நேர்பவை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதிகம் அடிபடுவது அதில் சின்னப் பிள்ளைதான். ஆறு வயதுக்குள் டிராம்போலினே வேண்டாம்; பந்துக் குளமும் சறுக்குமரமும் போதும். பெரிய பிள்ளைகள் என்றால், ஒரு விரிப்புக்கு ஒருவர்.

டிசம்பர், ஜனவரி உறைபனியில் விழா வைப்பவர்கள் இன்னொன்றும் கேளுங்கள்: அரங்கை எப்படிச் சூடாக்குகிறார்கள்? ஜன்னலை அடைத்துவிட்டுக் கரி அடுப்பு வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. அப்படிப்பட்ட இடம் வேண்டவே வேண்டாம்.

குடிதண்ணீரை வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். குளிரில் பிள்ளைகள் தாகம் என்று வாய்திறந்து கேட்க மாட்டார்கள்.

விளையாடிய பிள்ளை காலை ஊன்ற மறுத்தால், அடம் என்று நினைத்து நடக்க வைக்காதீர்கள். எண்ணெய் தேய்த்து நீவவும் வேண்டாம். கால் இருக்கிற நிலையிலேயே, கேக் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து இருபுறமும் வைத்து, துப்பட்டாவால் தளர்வாகக் கட்டித் தூக்கி வாருங்கள். அந்தப் பையனுக்கு நாலு வாரம் மாவுக்கட்டு போட்டோம். கட்டுப் பிரித்த அன்று சித்தப்பாவும் கூட வந்திருந்தார்.