தொண்டைக்கு முட்டுக்கொடுக்கும் காற்று

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று போகும் மூச்சுத்தடை நோய்க்கு, மாஸ்க் வழியாக இரவு முழுக்கக் காற்றைச் செலுத்தும் கருவி சிபாப் (CPAP). அந்த இயந்திரம் வீட்டுக்கு வந்த பத்தாம் நாளே அதை அலமாரியில் ஏற்றிவிடுபவர்கள் நிறையப் பேர். கேட்டால், "எனக்கு அது ஒத்துவரவில்லை" என்பார்கள். பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு சின்னக் காரணம் இருக்கும். தளர்த்த வேண்டிய மாஸ்க் பட்டையை இறுக்கியிருப்பார்கள், அல்லது அடைத்த மூக்கோடு படுத்திருப்பார்கள். இந்த இயந்திரம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று புரிந்துவிட்டால், இத்தகைய தொல்லைகளில் பாதியை நாமே கண்டுபிடித்துச் சரிசெய்துவிடலாம்.

முதலில் தொண்டையைப் பார்ப்போம். மூக்குக்கு எலும்புச் சுவர் உண்டு. மூச்சுக்குழாய்க்குக் குருத்தெலும்பு வளையங்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய அரைச் சாண் நீளத்துக்கு இருக்கும் தொண்டைக்கு அப்படிப்பட்ட சட்டம் எதுவும் இல்லை. அதைத் திறந்து வைத்திருப்பவை தசைகள்தான். தூங்கியதும் அவை தளர்கின்றன. நாக்கு பின்னால் சரிகிறது, மென் அண்ணமும் உள்நாக்கும் தொய்கின்றன. அந்த நிலையில் மூச்சை உள்ளே இழுத்தால், இழுக்கும் விசையே தொய்ந்த சுவர்களையும் சேர்த்து உள்ளே இழுக்கிறது. ஊறிப்போன காகித ஸ்ட்ராவில் கெட்டியான பானத்தை வேகமாக உறிஞ்சினால் ஸ்ட்ரா சப்பிக்கொள்ளும் அல்லவா, அதே கதைதான். பாதை குறுகும்போது சுவர்கள் அதிர்ந்து குறட்டை வருகிறது. சுவர்கள் முழுவதும் ஒட்டிக்கொண்டால் மூச்சு நிற்கிறது. நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். காற்று மட்டும் போகாது.

இப்படி 10 வினாடியோ அதற்கு மேலோ நின்றால் அதை ஒரு தடை என்று கணக்கெடுக்கிறார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கி, கரியமில வாயு ஏறியதும் மூளை விழித்துத் தசைகளை இறுக்குகிறது. ஒரு பெரிய செருமலோடு மூச்சு திரும்புகிறது. அந்த விழிப்பு சில வினாடிதான் என்பதால் காலையில் எதுவும் நினைவில் இருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். மூச்சு நின்றதையும் வெகுவாகக் குறைந்ததையும் சேர்த்து, மணிக்கு எத்தனை முறை என்று தூக்கப் பரிசோதனையில் எண்ணுகிறார்கள். பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இருந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் தீவிரம். மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. ஏழு மணி நேரம் தூங்கியவர் 210 முறை மூச்சுக்காகப் போராடியிருக்கிறார் என்று பொருள். அவருக்குப் பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொருகுவதைச் சோம்பல் என்று சொல்வது பெரிய அநியாயம்.

இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. மூடிய தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் சட்டென்று குறைந்து, இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் தவறாக எடுத்துக்கொண்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகம் அதற்குக் கட்டுப்பட்டு நீரை வெளியேற்றுகிறது. சிபாப் போட ஆரம்பித்த பலர் முதலில் கவனிக்கும் மாற்றமே இடையில் எழாமல் தூங்குவதுதான்.

தொய்யும் தொண்டைக்கு உள்ளிருந்து காற்றாலேயே முட்டுக்கொடுக்கலாம் என்று காட்டியவர் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன். அவரும் சகாக்களும் 1981இல் லான்செட் மருத்துவ இதழில் ஐந்து நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார்கள். ஆரம்ப இயந்திரங்களில் தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டாரையே திருப்பிப் போட்டு, உறிஞ்சுவதற்குப் பதில் ஊதவைத்தார்கள்.

இன்றைய இயந்திரமும் அடிப்படையில் ஒரு சின்ன மின்விசிறிதான். அது ஆக்சிஜன் கொடுப்பதில்லை. நமக்குப் பதிலாக மூச்சு விடுவதும் இல்லை. அறைக் காற்றை வடிகட்டி, குறிப்பிட்ட அழுத்தத்தில் விடாமல் செலுத்துகிறது, அவ்வளவுதான். அழுத்தத்தை நீர்மட்டத்தின் சென்டிமீட்டரில் சொல்வார்கள். வழக்கமாக 4 முதல் 20 வரை. 10 என்றால் எவ்வளவு என்று பார்க்க ஆசையிருந்தால், உயரமான கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஸ்ட்ராவை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமிழ்த்தி, முனையில் குமிழி வரும்வரை மெதுவாக ஊதிப் பாருங்கள். அந்த விசைதான். வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு. தொண்டையைப் பிரித்து வைக்க அது போதும். எவ்வளவு வேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். தானியங்கி வகை இயந்திரமாக இருந்தால், அவர் கொடுத்த எல்லைக்குள் தேவைக்கேற்ப அது ஏற்றி இறக்கிக்கொள்ளும்.

மாஸ்க்கின் முன்பக்கத்திலோ முழங்கைபோல் வளைந்த இணைப்பிலோ நுண்ணிய துளைகள் இருக்கும். அவற்றிலிருந்து எந்நேரமும் காற்று வெளியேறும். அது பழுது இல்லை. நாம் வெளிவிடும் கரியமில வாயு மாஸ்க்குக்குள் தேங்காமல் போவது அந்த வழியாகத்தான். சத்தம் வருகிறதென்று அதில் டேப் ஒட்டிவிடவே கூடாது.

தொல்லை கொடுக்கும் கசிவு வேறு. அது மாஸ்க்கின் ஓரத்திலிருந்து வரும். கசிந்தால் பட்டையை இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது, அதுவே தப்பு. பல மாஸ்க்குகளில் சிலிக்கோன் மெத்தைக்கு இரண்டு அடுக்கு உண்டு. முகத்தைத் தொடும் அடுக்கு மிக மெல்லியது. அது காற்றில் பலூன்போல் உப்பி, முகத்தின் மேடு பள்ளங்களில் தானே படிந்து அடைத்துக்கொள்ளும். பட்டையை இறுக்கினால் அந்த மெல்லிய அடுக்கு நசுங்கி மடிந்து, மடிப்பின் வழியே காற்று பீறிடும். இன்னும் இறுக்கினால் காலையில் மூக்குத்தண்டில் சிவந்த தழும்புதான் மிச்சம்.

சரியாகப் பொருத்தும் முறை இது. முகத்தை எண்ணெய்ப் பசை போகக் கழுவுங்கள். தூங்கும் நிலையிலேயே படுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும்போது பொருந்தும் மாஸ்க், படுத்ததும் கன்னச் சதை சரிவதால் பொருந்தாமல் போகும். இயந்திரத்தை ஓடவிட்டு, முடிந்தால் முழு அழுத்தத்துக்குக் கொண்டுபோங்கள். எல்லாப் பட்டைகளையும் தளர்த்துங்கள். மாஸ்க்கைப் பிடித்து முகத்திலிருந்து ஒரு விரல்கனம் முன்னால் இழுங்கள். மெத்தை உப்பியதும் மெதுவாக விடுங்கள், அது தன் இடத்தில் போய் உட்காரும். பிறகு கீழ்ப்பட்டைகள் இரண்டையும் ஒரே அளவில், கசிவு நிற்கும்வரை மட்டும் இழுங்கள். அப்புறம் மேல்பட்டைகள். கண்ணை நோக்கிக் காற்று அடித்தால் மேல்பக்கம் சரியில்லை என்று பொருள். அதை விட்டுவைத்தால் காலையில் கண் வறண்டு சிவந்திருக்கும். இவ்வளவும் செய்தும் அடங்கவில்லை என்றால் அளவு தவறு. வேறு அளவோ வேறு வகையோ கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம். மூக்குத்துளையில் உட்காரும் வகை, மூக்கை மட்டும் மூடும் வகை, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் வகை என்று மூன்று இருக்கின்றன. மூக்கு வழியாக மூச்சு விட முடிந்தவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்றே பெரும்பாலும் வசதி.

வாய் வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட நிலையில் விழித்தால், மூக்கு வழியாகப் போன காற்று வாய் வழியாக வெளியேறியிருக்கிறது. காற்று அந்த வழியே போய்விட்டால் தொண்டைக்கு முட்டும் பலவீனமாகும். இதற்கு முகவாய்ப் பட்டை வாங்க ஓடுவதற்கு முன்னால் மூக்கைக் கவனியுங்கள். வாய் திறப்பதற்குக் காரணம் பல நேரம் மூக்கடைப்பு. உலர்ந்த காற்று இரவு முழுக்க ஓடினால் மூக்கின் உட்சவ்வு வீங்கி இன்னும் அடைத்துக்கொள்ளும். வாய் திறக்கிறது, கசிவு கூடுகிறது, மூக்கு மேலும் உலர்கிறது. இந்தச் சுழலை உடைப்பது, தொட்டி நீரைச் சூடாக்கி இயந்திரத்தின் காற்றில் ஈரம் சேர்க்கும் ஈரப்பதமூட்டிதான். அதை ஒரு படி கூட்டி, இரண்டு மூன்று இரவு பொறுத்துப் பாருங்கள். படுக்குமுன் மூக்கில் உப்புநீர்த் தெளிப்பு அடிப்பதும் உதவும். கூட்டிய பிறகு முகத்தில் தண்ணீர் சொட்டினாலோ குழாய்க்குள் களகளவென்று சத்தம் வந்தாலோ, சூடான ஈரக் காற்று குளிர்ந்த குழாயில் பட்டு நீராகிறது. குழாய்க்குத் துணியுறை போடலாம், சூடாகும் குழாய் வாங்கலாம். இயந்திரத்தைத் தலைமட்டத்துக்குக் கீழே வைத்தால் தேங்கும் நீர் முகத்துக்கு வராமல் தொட்டிக்கே திரும்பும்.

சிலருக்குக் காலையில் வயிறு உப்பி ஏப்பமாக வரும். காற்று உணவுக்குழாய் வழியாக வயிற்றுக்குள் இறங்கியிருக்கிறது. தலைமாட்டைச் சற்று உயர்த்துவதும், ஒருக்களித்துப் படுப்பதும், மூச்சை வெளிவிடும்போது அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும் வசதியை இயக்குவதும் பலருக்குப் போதும். தொடர்ந்தால் அழுத்தத்தை மாற்ற வேண்டியிருக்கும். அதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

மாஸ்க்கை முகத்தில் வைத்தாலே மூச்சு முட்டுவதுபோல் பதறுபவர்கள் அதை இரவில் பழகக் கூடாது, பகலில் பழக வேண்டும். முதல் இரண்டு நாள் குழாய் இல்லாமல் மாஸ்க்கைக் கையால் மட்டும் முகத்தில் பிடித்துப் பாருங்கள். அடுத்து பட்டையோடு போட்டுக்கொண்டு, படிக்கும்போதோ டிவி பார்க்கும்போதோ கால்மணி நேரம். பிறகு குழாயை மாட்டிக் குறைந்த அழுத்தத்தில் அரைமணி. பிறகு ஒரு பகல் தூக்கம். ஒவ்வொரு படியும் சலிப்புத் தட்டும் அளவுக்குப் பழகிய பிறகே அடுத்த படி. படுத்ததும் குறைந்த அழுத்தத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றும் ராம்ப் வசதியும் இவர்களுக்காகத்தான். ஆனால் தொடக்க அழுத்தம் 4 என்பது சிலருக்குக் காற்றே போதாததுபோல் இருக்கும். அப்படியிருந்தால் தொடக்கத்தை ஒன்றிரண்டு கூட்டச் சொல்லிக் கேளுங்கள்.

நள்ளிரவுக்குப் பிறகு மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, "நாலு மணி நேரம் போட்டேனே" என்று ஆறுதல் கொள்பவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கனவுத் தூக்கம் விடியற்காலைப் பக்கம்தான் அதிகம். அந்த நேரத்தில் தசைகள் மிகவும் தளர்ந்திருப்பதால் பலருக்குத் தடைகள் நீண்டு, ஆக்சிஜன் அதிகம் இறங்குவதும் அப்போதே. கழற்றி வைக்கும் நேரமும் முட்டு மிகவும் தேவைப்படும் நேரமும் ஒன்றாகிவிடுகிறது. மூன்று மணிக்கு எழுந்தாலும் மறுபடி மாட்டிக்கொண்டு படுங்கள்.

காலையில் இயந்திரத்தின் திரையில் மூன்று எண்களைப் பாருங்கள்: எத்தனை மணி நேரம், எவ்வளவு கசிவு, மணிக்கு எத்தனை தடைகள். தடைகள் 5க்குக் கீழே நின்றால் நல்லது. கசிவு பெரிதாக இருந்த இரவில் மற்ற எண்களை நம்ப முடியாது, ஏனென்றால் இயந்திரம் காற்றோட்டத்தை வைத்துத்தான் எண்ணுகிறது. திறந்த தொண்டையிலும் மூச்சு நிற்பதாகச் சில இயந்திரங்கள் தனியே காட்டும். அது மூளை மூச்சுக்கான கட்டளையைத் தாமதிப்பது. சிகிச்சை தொடங்கிய புதிதில் இது சிலருக்கு வந்து, வாரக்கணக்கில் தானே அடங்கும். குறையாமல் நின்றால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும், இதய நோய் உள்ளவர்கள் முக்கியமாக.

சுத்தம் பெரிய வேலையில்லை. மெத்தையைத் தினமும் துடைத்து, தொட்டி நீரைக் காலையில் கொட்டி உலரவிட்டு, வாரம் ஒருமுறை மாஸ்க், குழாய், தொட்டி மூன்றையும் மிதமான சோப்புநீரில் கழுவினால் போதும். தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்டு வாட்டர்). இயந்திரத்தை நகர்த்துமுன் தொட்டியைக் கழற்றிவிடுங்கள். சாய்ந்தால் நீர் மோட்டாருக்குள் போய்விடும்.

எந்த அறுவைசிகிச்சைக்குப் போவதாக இருந்தாலும் மூச்சுத்தடை இருப்பதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, சிபாப்பையும் மாஸ்க்கையும் கையோடு எடுத்துப் போங்கள். மயக்க மருந்தும் வலுவான வலிநிவாரணிகளும் தொண்டைத் தசைகளைத் தூக்கத்தைவிட அதிகமாகத் தளர்த்தும். மூளை விழித்துக் காப்பாற்றும் அந்தப் பழக்கத்தையும் மந்தமாக்கும்.