பூமி தட்டை என்கிற அப்பாவிடம் முதலில் என்ன கேட்கலாம்?

போன வருடம் ஒரு இளைஞர் தன் அப்பாவை என்னிடம் ஆலோசனைக்கு அழைத்து வந்தார். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு மேடம், பூமி தட்டைன்னு சொல்லிக்கிட்டே இருக்கார்" என்றார். அப்பா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். கோபப்படவில்லை. மடியில் இருந்த நீளமான நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்ட கட்டங்கள். தேதி, நேரம், தூரம், கணக்குப்படி மறைய வேண்டிய உயரம், கண்ணுக்குத் தெரிந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். இயந்திர பாகங்களின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர். கை அப்படிப் பழகியிருந்தது. ஒரு பக்கத்தில் புகைப்படம் ஒன்றை ஒட்டியிருந்தார். தண்ணீருக்கு அப்பால் 20 கிலோமீட்டர் தள்ளி ஒரு கலங்கரை விளக்கம், அடிப்பாகத்தோடு தெரிகிறது. "பூமி உருண்டையா இருந்தா இதுல கீழே 31 மீட்டர் மறைஞ்சிருக்கணும். ஏன் மறையல?" என்று கேட்டார்.

அந்த நிமிடத்தில் எனக்குப் பதில் தெரியவில்லை. (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோட்டு மட்டும் அப்படியே.)

இப்படிப்பட்ட குடும்பங்கள் இப்போது அடிக்கடி வருகின்றன. நிலவுக்கு யாரும் போகவில்லை என்பவர், விண்வெளியே கட்டுக்கதை என்பவர், பூமி சூடாவது பொய் என்பவர். வீட்டில் இருப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: எப்படிப் புரிய வைப்பது? நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது வேறு: இது எப்போது ஆரம்பித்தது?

அன்றும் அதைத்தான் கேட்டேன். அப்பா பேசவில்லை, மகன் சொன்னார். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை ஒரு நிதி நிறுவனத்தில் போட்டிருக்கிறார். இரண்டே வருடத்தில் அது மூடப்பட்டது. அப்போதுதான் அப்பா வாய் திறந்தார். "முத்திரை இருந்துச்சு. ஆடிட்டர் கையெழுத்து இருந்துச்சு. ஒவ்வொரு பக்கமும் நான் படிச்சுப் பார்த்துத்தான் போட்டேன்." அப்புறம் சற்று நேரம் கழித்து, "முத்திரை போட்டவன் சொல்றதையெல்லாம் இன்னும் நான் நம்பணுமா?" என்றார்.

என் அனுபவத்தில் இந்தக் கேள்விதான் அடியில் இருக்கிறது. பூமி உருண்டையா தட்டையா என்பது அதற்கு மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. நம்மில் எத்தனை பேர் பூமியின் சுற்றளவை அளந்திருக்கிறோம்? ஆசிரியர் சொன்னார், புத்தகத்தில் இருந்தது, நம்பினோம். அந்த நம்பிக்கை வீண் அல்ல, அதற்குப் பின்னால் உண்மையான அளவீடுகள் இருக்கின்றன. ஆனால் நமக்கும் அந்த அளவீடுகளுக்கும் நடுவே மனிதர்கள் இருக்கிறார்கள். அந்த மனிதர்கள் மேல் நம்பிக்கை போய்விட்டால் அவர்கள் கையால் வந்ததெல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

இன்னொன்றையும் மறந்துவிடக்கூடாது. அறிவியல் சொல்வது இங்கே நம் உடம்பு சொல்வதற்கு நேர் எதிராக இருக்கிறது. தரை தட்டையாகத் தெரிகிறது, அசையாமல் கிடக்கிறது. 1992இல் ஸ்டெல்லா வோஸ்னியாடூ, வில்லியம் புரூவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 60 பள்ளிக் குழந்தைகளிடம் பூமியைப் பற்றிக் கேட்டார்கள். உருண்டை என்று சொன்ன குழந்தைகளிலேயே பலர், நேராக நடந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்று கேட்டதும் ஓரம் வந்துவிடும் என்கிற மாதிரிப் பதில் சொன்னார்கள். சிலருக்கு இரண்டு பூமிகள்: வானத்தில் ஒரு உருண்டை, காலடியில் ஒரு தட்டை. சிலருக்கு பூமி ஒரு வெற்றுப் பந்து, நாம் அதற்குள்ளே சமதரையில் வாழ்கிறோம். பெரியவர்கள் சொன்னதையும் விடாமல், கண் பார்த்ததையும் விடாமல் குழந்தைகள் போட்டுக்கொண்ட சமரசம் அது. பல பெரியவர்களின் மனதிலும் அந்தச் சமரசம் அப்படியே தங்கியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். யாரும் கிளறாதவரை வெளியே தெரிவதில்லை.

பூமி சுற்றுவதும் அப்படித்தான். நடுக்கோட்டில் மணிக்கு சுமார் 1,670 கிலோமீட்டர் வேகம் என்றால் யாருக்கும் மலைப்பாக இருக்கும், ஏன் தலை சுற்றவில்லை என்று கேட்கத் தோன்றும். நான் கடிகாரத்தைக் காட்டுவேன். மணி முள் 12 மணி நேரத்தில் ஒரு சுற்று போகிறது. பூமிக்கு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம். அதாவது மணி முள்ளின் பாதி வேகத்தில்தான் நாம் திரும்புகிறோம், அதுவும் சீராக. வேகம் கூடும்போதும் குறையும்போதும் திசை சட்டென மாறும்போதும்தான் உடம்புக்குத் தெரியும். ஆரியபட்டர் 499ஆம் ஆண்டிலேயே பூமி சுழல்கிறது என்று எழுதினார். படகில் முன்னால் போகிறவனுக்குக் கரையில் நிற்பவை பின்னால் போவதுபோலத் தெரியும் என்று உவமையும் சொன்னார். அவருக்குப் பின் வந்த பிரம்மகுப்தர், அவரும் பெரிய கணித மேதை, அதை ஏற்கவில்லை. பூமி சுற்றினால் உயரமானவை ஏன் விழவில்லை என்று கேட்டார். இன்று ஒருவர் அதே கேள்வியைக் கேட்டால் அவரை முட்டாள் என்பதில் நியாயமே இல்லை.

"படிச்சவரு, எப்படி இப்படி?" என்று மகன் திரும்பத் திரும்பக் கேட்டார். படிப்பு காப்பாற்றும் என்று நாம் நினைக்கிறோம். அமெரிக்காவில் டேன் கஹான் குழுவினர் 2012இல் பருவநிலை மாற்றம் பற்றி வெளியிட்ட ஆய்வில், அறிவியல் அறிவும் கணக்குத் திறமையும் கூடக் கூட எதிரெதிர் தரப்புகளுக்கு நடுவே இருந்த இடைவெளி குறையவில்லை, கூடியது. காரணம் எளிது. திறமையுள்ளவர் தான் சார்ந்த பக்கத்துக்காக இன்னும் திறமையாக வாதாடுவார். அந்த நோட்டு ஒரு சோம்பேறி எழுதியது அல்ல. உழைப்பாளி எழுதியது.

அப்புறம் கைபேசி. வேலை போன, தூக்கம் வராத இரவுகளில் ஒரு வீடியோ, அதைத் தொட்டு இன்னொரு வீடியோ. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது உண்மைபோலத் தோன்ற ஆரம்பிக்கும் என்பது 1977 முதலே உளவியலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தின் ஆஷ்லி லேண்ட்ரம் தட்டைப் பூமி மாநாடுகளுக்குப் போய் 30 பேரிடம் பேசினார். ஒருவரைத் தவிர எல்லோரும் தாங்கள் மாறியது யூடியூப் பார்த்துத்தான் என்றார்கள். 2019 ஜனவரியில் அந்த நிறுவனமே, பூமி தட்டை என்பது போன்ற வீடியோக்களைப் பரிந்துரைப்பதைக் குறைக்கப்போவதாக அறிவித்தது.

சரி, ஆதாரத்தை நேரில் காட்டினால் மாறிவிடுவார்களா? 1870இல் இங்கிலாந்தில் ஜான் ஹாம்ப்டன் என்பவர், நீர்ப்பரப்பு வளைந்திருக்கிறது என்று நிரூபித்தால் 500 பவுண்டு என்று பந்தயம் வைத்தார். ஆல்ஃபிரெட் ரசல் வாலஸ் அதை ஏற்றார். டார்வினோடு சேர்ந்து இயற்கைத் தேர்வுக் கொள்கையை முன்வைத்த அதே வாலஸ். நில அளவை வேலையும் தெரிந்தவர். நேராக ஓடும் பெட்ஃபோர்ட் கால்வாயில் ஆறு மைல் தூரத்துக்கு, தண்ணீரிலிருந்து ஒரே உயரத்தில் குறிகள் அமைத்தார். ஒரு முனையிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தபோது நடுவில் இருந்த குறி மற்றதைவிட உயர்ந்து நின்றது. நடுவில் தண்ணீர் மேடாக இருந்தால்தான் அப்படித் தெரியும். ஹாம்ப்டன் தரப்பு நடுவர் அதே தொலைநோக்கியில் அதே காட்சியைப் பார்த்துவிட்டு, தட்டை என்பது நிரூபணமாகிவிட்டது என்றார்! பந்தயத்தில் வாலஸ் வென்றதாகத் தீர்ப்பானது. அதற்குப் பிறகு ஹாம்ப்டன் பல வருடங்கள் அவரை அவதூறு செய்தார், அவர் மனைவிக்கே மிரட்டல் கடிதம் எழுதினார், சிறைக்கும் போனார். வழக்குச் செலவில் வாலஸுக்குக் கிடைத்ததைவிடப் போனது அதிகம்.

இந்தக் கதையை நான் குடும்பங்களிடம் சொல்வதுண்டு. சோதனை சரியாகத்தான் இருந்தது. ஆனால் தோற்றவன் எல்லோர் முன்னாலும் தோற்றான். கௌரவத்தோடு திரும்பி வர ஒரு வழி அவனுக்கு இருக்கவில்லை.

2024 டிசம்பரில் தட்டைப் பூமி பேசும் சில யூடியூபர்களையும் எதிர்த் தரப்பினரையும் அண்டார்டிகாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே அந்தப் பருவத்தில் 24 மணி நேரமும் சூரியன் மறையாது. தட்டைப் பூமி வரைபடத்தில் அதற்கு இடமில்லை. சூரியன் மறையவில்லை. அந்தத் தரப்பில் பெயர்பெற்ற ஒருவர், இதில் தான் நினைத்தது தவறு என்று கேமரா முன் ஒப்புக்கொண்டார். அவருடைய பழைய கூட்டமே அவரை ஏசியது. விலைபோய்விட்டார் என்றார்கள். மனம் மாறுவதற்கு அவர் கொடுத்த விலை அது. தினமும் பேசும் நண்பர்கள், தன்னை மதிக்கும் ஒரே குழு, அத்தனையும் ஒரு வாக்கியத்தில் போய்விடும் என்றால் யார் அந்த வாக்கியத்தைச் சொல்வார்கள்? வீட்டில் கேலியும் வெளியே மரியாதையும் கிடைத்தால், மனிதன் மரியாதை கிடைக்கும் இடத்துக்குத்தான் போவான்.

அதற்காக எல்லாக் கருத்தும் சமம் என்று நான் சொல்லவில்லை. பூமி உருண்டைதான். நிலவுக்கு மனிதர்கள் போனார்கள். ஆறு அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த 382 கிலோ மண்ணும் பாறையும் இருக்கின்றன. அங்கே வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்கள் மேல் இன்றும் லேசர் அடித்து, ஒளி போய்த் திரும்பும் இரண்டரை நொடிகளை வைத்துத் தூரத்தை அளக்கிறார்கள். விஞ்ஞானிகளும் பிடிவாதக்காரர்கள்தான்: கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்ஃபிரெட் வெகெனர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1912இல் சொன்னதைப் பெரும்பாலான புவியியலாளர்கள் ஏற்க 1960கள் வரை ஆனது. ஆனால் கடலடியிலிருந்து ஆதாரம் வந்தபோது ஏற்றார்கள்.

குடும்பங்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். நாலு பேர் முன்னால் திருத்தாதீர்கள். "அறிவியல்" என்று பொதுவாகப் பேசாமல், அவர் கேட்ட அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் தேடுங்கள். 2024இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், சதிக் கதைகளை நம்பியவர்களோடு செயற்கை நுண்ணறிவு நிரல் ஒன்று அவரவர் சொன்ன காரணத்துக்கே பொறுமையாகப் பதில் சொன்னது. நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது. இரண்டு மாதம் கழித்தும் அந்த மாற்றம் நிலைத்தது. ஆக, ஆதாரம் வேலை செய்யும். எரிச்சலோடு சொன்னால்தான் காதில் ஏறுவதில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இப்படி நம்புவது மட்டுமே மனநோய் ஆகாது, அப்படிப் பட்டம் கட்டுவது பெரிய அநியாயம். ஆனால் 'நான் கண்டுபிடித்ததால் என்னைப் பின்தொடர்கிறார்கள்' என்று பேச்சு தன்னைச் சுற்றியே வர ஆரம்பித்தால், தூக்கம் போய், யாரோடும் ஒட்டாமல், இல்லாத குரல் கேட்டால், தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இந்த அப்பாவுக்கு அப்படி எதுவும் இல்லை. முதல் இரண்டு சந்திப்புகளில் பூமியைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை, பணத்தைப் பற்றித்தான் பேசினோம். குடும்பத்தில் யாரிடமும் அவர் அதற்காக அழுததில்லை. இடையில் நான் இயற்பியல் தெரிந்த ஒரு தோழியிடம் நோட்டின் கணக்கைக் காட்டினேன். பெருக்கலில் தப்பே இல்லை என்றாள். ஆனால் அந்த 31 மீட்டர், கண் தண்ணீர் மட்டத்திலேயே இருந்தால் வரும் கணக்கு. தொடுவானத்துக்கு அப்பால் இருப்பதன் அடிப்பாகம்தான் மறையும், கண் உயர உயர அந்தத் தொடுவானம் தள்ளிப்போகும்: ஒன்றே முக்கால் மீட்டர் உயரத்தில் 4.7 கிலோமீட்டர், 30 மீட்டர் உயரத்தில் 19.5 கிலோமீட்டர்.

மூன்றாவது முறை வந்தபோது நான் விளக்கம் எதுவும் தரவில்லை. "இந்தப் படத்தை எங்கே நின்று எடுத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். மாடியில் என்றார். எத்தனையாவது மாடி? பத்தாவது. நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். வெகுநேரம் பேசவில்லை.

பூமி உருண்டை என்று அவர் இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. நிலவு விஷயத்தில் இன்னும் சந்தேகம்தான். ஆனால் கடைசியாகப் பார்த்தபோது நோட்டில் புதிதாக ஒரு கட்டம் இருந்தது, 'நின்ற உயரம்' என்று தலைப்புப் போட்டு. மகனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "ஒரு மாடி மூணு மீட்டர் இருக்குமாடா? டேப் எடுத்துக்கிட்டு வா, அளந்துடுவோம்."