எதிரொலியைக் கையால் வாசிப்பது

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், வாட்டர்ஹவுஸ் பகுதியில் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுதுபார்த்து வந்தவர் ஆஸ்போர்ன் ரடக். ஊர் அவரைக் கிங் டபி என்று அழைத்தது. 1970களின் தொடக்கத்தில், டைனமிக் சவுண்ட்ஸ் ஸ்டூடியோவிலிருந்து குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியே கூட்டிக் குறைத்துக் கலக்கும் ஒரு பழைய எம்சிஐ மிக்சரை வாங்கித் தன் வீட்டில் வைத்தார். அவரிடம் வந்த டேப்புகள் வேறு ஸ்டூடியோக்களில் பதிவாகி முடிந்தவை. வாசித்தவர்கள் எப்போதோ கிளம்பிப் போயிருப்பார்கள். டபி அந்த டேப்பை ஓடவிடுவார். பாடகர் ஒரு வரியைத் தொடங்கியதும் குரலை அடக்குவார்; கடைசிச் சொல் மட்டும் எதிரொலியில் மிதந்து போகும். ட்ரம்மும் பேஸும் தனித்து நிற்கும். கிட்டார் ஒரு கீற்றாக வந்து மறையும். ஒரே டேப்பை மறுபடி ஓடவிட்டால் இன்னொரு பாட்டு பிறக்கும். பதிவான ரெகே பாட்டைப் பிரித்து மறுபடி கோக்கும் டப் இசை இப்படித்தான் வளர்ந்தது.

இன்றைய எலக்ட்ரானிக் இசையில், மேடையிலோ ஸ்டூடியோவிலோ, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கையால் திருப்பியும் அழுத்தியும் இயக்கும் எஃபெக்டுகளில் (ஒலியை மாற்றும் கருவிகளில்) பெரும்பாலானவற்றை டபியின் மேசையில் இருந்தவற்றைக் கொண்டே விளக்கிவிடலாம். அடியில் இருக்கும் கருத்து ஒன்றுதான்: ஒலியைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருந்து திருப்பித் தருவது.

டேப் எக்கோவில் அந்த நினைவு, காந்தப் பூச்சுள்ள ஒரு நாடா. பதிவு ஹெட் என்ற காந்த முனை ஒலியை அதில் எழுதுகிறது. சற்றுத் தள்ளி இருக்கும் இன்னொரு ஹெட் அதைப் படிக்கிறது. நாடா வினாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடி, இரண்டு ஹெட்டுக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் இருந்தால், ஒலி கால் வினாடிக்குச் சற்றுக் கூடுதலான தாமதத்தில் திரும்பி வரும். சுமார் 45 மீட்டர் தொலைவில் உள்ள பாறையை நோக்கிக் கூவினால் எதிரொலி திரும்ப ஆகும் நேரமும் அதுதான். 1974இல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் எக்கோ ஆர்இ-201 என்ற டேப் எக்கோவில் படிக்கும் ஹெட் மூன்று. அதனால் ஒரே தட்டலுக்கு மூன்று வெவ்வேறு இடைவெளிகளில் பதில் கிடைக்கும்.

படித்த ஒலியில் ஒரு பங்கை மறுபடி பதிவு ஹெட்டுக்கே அனுப்பினால் எதிரொலிக்கும் எதிரொலி வரும். இதுதான் ஃபீட்பேக். பாதியைத் திருப்பி அனுப்பினால், பத்தாவது முறை வரும்போது ஒலியின் வீச்சு ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அனுப்பினால் அந்த அளவுக்குத் தேய அறுபத்தைந்து முறைக்கு மேல் ஆகும். நூறைத் தாண்டினால் தேய்வதற்குப் பதில் வளரும். நாடாவோ ஓர் எல்லைக்கு மேல் தாங்காது. ஒலி நசுங்கி, கரகரத்து, ஓலமாக மாறும். அந்த ஓலம் தொடங்கும் விளிம்பில் குமிழை நிறுத்தி வைத்து, கைமீறும் முன் இறக்குவதுதான் டப் கலைஞரின் கைப்பழக்கம். அதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. முதல்முறை குமிழைப் பிடித்தபோது என் விரல்கள் அரை வினாடி பிந்தியே போயின. காது முன்கூட்டியே கேட்கப் பழகிய பிறகுதான் சரியானது.

குரலை வெட்டிய பிறகும் அதன் வால் மட்டும் எப்படி ஒலிக்கிறது? இங்கே பலரும் தவறுகிறார்கள். எஃபெக்டை ட்ராக்கின் (தனியாகப் பதிவான குரல் அல்லது வாத்தியத்தின்) வழியிலேயே செருகி, அதை ஆன்-ஆஃப் செய்தால் வாலும் பட்டென்று அறுந்துபோகும். டபி வழி வேறு. மூல ஒலி ஒரு பாதையில் நேராகப் போகட்டும். அதன் ஒரு நகல் ‘சென்ட்’ குமிழ் வழியே எக்கோவுக்குப் போகட்டும். வேண்டிய சொல் வரும் நொடியில் சென்டைத் திறந்து உடனே மூடினால், அந்தச் சொல் மட்டும் எக்கோவுக்குள் அகப்படும். மூலத்தை வெட்டினாலும் அது சுழன்றுகொண்டே இருக்கும்.

கணினியில் நாடாவின் இடத்தில் இருப்பது வட்டமாக எழுதப்படும் ஒரு நினைவுப்பகுதி. ஒரு முள் எழுதிக்கொண்டே சுற்றுகிறது. பின்னால் வரும் இன்னொரு முள் படிக்கிறது. நிமிடத்துக்கு 120 பீட் (120 பிபிஎம்) வேகத்தில் ஒரு பீட் 500 மில்லிவினாடி. அதில் முக்கால், 375 மில்லிவினாடி, தாமதம் வேண்டுமென்றால் படிக்கும் முள் 18,000 சாம்பிள் பின்தங்க வேண்டும் (ஒலியை வினாடிக்கு 48,000 முறை அளந்தால்; ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள்). ஓடும்போதே இந்த இடைவெளியை மாற்றினால் முள் கொஞ்ச நேரம் வேகமாகவோ மெதுவாகவோ படிக்க நேரிடும், சுருதி வளையும். டேப் மோட்டாரின் வேகத்தை மாற்றினால் கேட்கும் அதே வளைவு. வளைவு வேண்டாமென்றால் பழைய இடத்தை மெல்ல மங்கவைத்துக்கொண்டே புதிய இடத்திலிருந்து படிக்க வேண்டும். நேராகத் தாவினால் அலை நடுவில் முறிந்து ‘டக்’ என்று கேட்கும்.

இப்போது எழுதும் முள்ளை நிறுத்திவிடுங்கள். படிக்கும் முள்ளை ஒரு சிறு துண்டுக்குள் மட்டும் சுற்றவிடுங்கள். கிடைப்பது பீட் ரிபீட், அந்தத் தடதடக்கும் திக்கல். எனக்கு இந்த எஃபெக்டில் தீராத வியப்பு உண்டு. பீட்டில் கால் பங்குத் துண்டு 125 மில்லிவினாடி. வினாடிக்கு எட்டு அடி, எண்ணிவிடலாம். அதைப் பாதியாக்கினால் பதினாறு அடி, உருட்டல்போல் இருக்கும். இன்னும் பாதியாக்கினால் முப்பத்திரண்டு. இங்கே காது எண்ணுவதைக் கைவிடுகிறது. அடிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கனத்த ரீங்காரமாகின்றன. அடுத்த பாதியில் அது தெளிவான ஒரு கீழ்ஸ்தாயி ஸ்வரம். ட்ரம்மின் ஒரே அடியைத் துண்டாக்கியதில் தாளம் சுருதியாகிவிட்டது. இரண்டும் ஒரே பொருளின் வேறு வேறு வேகம் என்பதைக் காதால் தொட்டுப் பார்க்க இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

ஒலியின் உயர்ந்த அல்லது தாழ்ந்த பகுதியை வடிகட்டும் ஃபில்டரில் நினைவு மிகக் குறுகியது. அலையின் சற்றுமுந்தைய நிலையோடு இப்போதைய நிலையை ஒப்பிடுவதால்தான் அதற்கு உயர்ந்ததையும் தாழ்ந்ததையும் பிரிக்க முடிகிறது. டபியின் எம்சிஐ மிக்சரில் தாழ்ந்த ஒலிகளை நீக்கும் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் இருந்தது. அதன் பெரிய குமிழ் வழுக்கிப் போகாது. 70 ஹெர்ட்ஸிலிருந்து 7.5 கிலோஹெர்ட்ஸ் வரை படிப்படியாக ஏறும். ஒவ்வொரு படியிலும் கீழிருந்து ஓர் அடுக்கு கழன்று விழும்: முதலில் பேஸ், பிறகு கிட்டாரின் உடல், கடைசியில் சிம்பலின் சீறல் மட்டும் மிஞ்சும். இன்றைய டிஜேக்கள் ஒரே இழுப்பில் செய்யும் ஃபில்டர் ஸ்வீப்பில் இல்லாத ஒன்று அந்தப் படிகளில் இருந்தது: திருப்பும் கையே ஒரு தாளம். குமிழ் மேலே போய் நின்றதும், நெஞ்சில் அதிர்ந்த பேஸ் காணாமல் போய், ஆடுபவர்களின் கால்கள் காத்திருக்கும். டபி அதைக் கீழே திருப்பிவிடுவார்.