எரி பட்டு

பள்ளியில் இலக்கணம் படித்தவர் 'எரி பட்டு' என்பதைக் கண்டதும் வினைத்தொகை என்று பிரித்துவிடுவார்: எரிந்த பட்டு, எரிகின்ற பட்டு, எரியும் பட்டு. 'ஏரிப் பட்டு' என்று நீட்டி எழுதுபவர்களும் உண்டு. நெருப்புக்கும் நீருக்கும் இதில் வேலையே இல்லை. இது அஸ்ஸாமியச் சொல்.

அஸ்ஸாமில் 'எரா' என்றால் ஆமணக்குச் செடி. அதன் இலையைத் தின்று வளரும் புழு எரி. அந்தப் புழுவின் கூட்டிலிருந்து நூற்ற பட்டும் எரி. 'எண்டி' என்றும் சொல்வார்கள். மேகாலயாவின் காசி என்னும் பழங்குடி மக்களிடம் இதே பட்டின் பெயர் 'ரிண்டியா'. எராவுக்கு மூலம் வடமொழியின் 'ஏரண்டம்'. அது நமக்கும் பழகிய சொல்தான். சித்த மருத்துவத்தில் விளக்கெண்ணெய்க்கு ஏரண்டத் தைலம் என்ற பெயர் உண்டு. பூச்சியின் அறிவியல் பெயரான 'சாமியா ரிசினி'யின் பின்பாதியும் ஆமணக்கைத்தான் சுட்டுகிறது. ஆமணக்கின் லத்தீன் பெயர் ரிசினஸ். அதற்கு உண்ணி என்று பொருள். ஆமணக்கு விதையான கொட்டைமுத்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஏன் என்று விளங்கிவிடும்.

தமிழில் எப்படிச் சொல்வது? மத்திய பட்டு வாரியம் எரி, முகா, டசர் என்னும் மூன்று பட்டுகளையும் 'வன்யா' (வடமொழியில் 'காட்டுக்குரியது') என்ற வணிகப் பெயரில் சேர்த்து முன்னிறுத்துவதால், 'காட்டுப் பட்டு' என்ற மொழிபெயர்ப்பு பரவியிருக்கிறது. முகாவுக்கும் டசருக்கும் அது பொருந்தும். அவை திறந்தவெளியில் மரத்தின்மேல் வளர்பவை. எரி அப்படியல்ல. முழுக்க வீட்டுப் பூச்சி. அஸ்ஸாம் கிராமங்களில் பெண்கள் வீட்டுக்குள்ளேயே மூங்கில் தட்டில் வைத்தோ, இலைக்கொத்தைக் கட்டித் தொங்கவிட்டோ புழுவை வளர்க்கிறார்கள். புழு நான்கு முறை தோலுரிக்கும். கடைசிப் பருவத்தில் இலை போட்டு மாளாது, இரவில்கூடத் தின்னும். முட்டையிடப் பெண் அந்துப்பூச்சியை 'கரிகா' என்னும் புல்குச்சிக் கட்டில் நூலால் கட்டிவைப்பார்கள். ஆண்டுக்கு ஐந்தாறு தலைமுறை இப்படி வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது. இதைக் காட்டுப் பட்டு என்பது கொட்டிலில் கட்டிய பசுவைக் காட்டு விலங்கு என்பதைப் போன்றது.

'அகிம்சைப் பட்டு' என்ற பெயரும் கடைகளில் புழங்குகிறது. எரிக் கூட்டின் ஒரு முனை திறந்திருக்கும். பூச்சி நூலை அறுக்காமல் வெளியேறிவிடும். ஒரே இழையாக இழுக்க முடியாது என்பதால், கூட்டை வேகவைத்துப் பசை நீக்கி, பஞ்சு நூற்பதைப் போல் தக்களியில் நூற்கிறார்கள். ஆகவே பூச்சியைக் கொல்லாமல் பட்டு எடுக்க முடியும் என்பது உண்மை. ஆனால் வடகிழக்கில் எரியின் கூட்டுப்புழு விருப்பமான உணவு. பல வீடுகளில் புழுவை வளர்ப்பதே பாதி அதற்காகத்தான். அந்தப் பெயர் விற்பவருடைய ஆசையைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஆமணக்குப் பட்டு என்பதே சரியான தமிழ். மல்பெரிப் பட்டை முசுக்கொட்டைப் பட்டு என்று இலையை வைத்துச் சொல்வதைப் போல இதுவும் இலையால் வரும் பெயர். அஸ்ஸாமியச் சொல்லின் பொருளும் அப்படியே வந்துவிடுகிறது. ஒரு மறுப்பு எழலாம்: இந்தப் புழு ஆமணக்கோடு நிற்பதில்லையே? உண்மைதான். அஸ்ஸாமில் கெசேரு மர இலையும் தின்னும். தமிழ்நாட்டில் இதை வளர்க்க முனைந்தவர்கள் மரவள்ளி இலையை நம்பினார்கள். ஐரோப்பாவில் பொழுதுபோக்குக்கு அந்துப்பூச்சி வளர்ப்பவர்கள் பிரிவெட் என்னும் வேலிச்செடியின் இலையைப் போடுகிறார்கள். என்ன தின்றாலும் எராவை ஒட்டிய பெயரை அஸ்ஸாமியர் மாற்றவில்லை; நாமும் மாற்ற வேண்டியதில்லை.

புழுவை ஆமணக்குப் பட்டுப்புழு என்றும் கூட்டை ஆமணக்குப் பட்டுக்கூடு என்றும் எழுதலாம். வணிகப் பெயராக எரி வந்தே தீர வேண்டுமென்றால் 'எரி எனப்படும் ஆமணக்குப் பட்டு' என்று ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடரலாம்.