அடிக்குறிப்பில் விரல் வைத்துப் பாருங்கள்

"மேடம், விக்கிப்பீடியாக் கட்டுரை ஒண்ணை மதிப்பிட்டு எழுதச் சொல்லியிருக்காங்க. நான் 'என் சரித்திரம்' எடுத்திருக்கேன். அதுல குறை சொல்ல ஒண்ணுமே இல்லையே, என்ன எழுதுறது?"

காரைக்குடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் 22 வருடமாக இருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வருகிற பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் தங்களுக்குப் பிடித்த புத்தகத்தைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். இவள் கண்டனூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். உ.வே.சா.வின் தன்வரலாற்றை மூன்று முறை படித்திருக்கிறாள். கையிலிருந்தது அவளுடைய ஐயா வாங்கி வைத்த பிரதி. அட்டை போய், முதுகைச் சாக்கு நூலால் தைத்திருந்தது. உள்ளே அடையாளத்துக்கு நாள்காட்டித் தாள்களைக் கிழித்து வைத்திருந்தார்கள். அவற்றில் ஏகாதசி, கார்த்திகை எல்லாம் அப்படியே இருந்தன.

குறை இல்லை என்று அவளுக்குத் தோன்றியதே அவள் மூன்று முறை படித்ததால்தான். கட்டுரை அரைகுறையாகச் சொன்னதையெல்லாம் அவள் மனசு நிரப்பிக்கொண்டே போயிருக்கிறது. அதனால் முதலில் புத்தகத்தை மூடி மேசையின் அந்தப் பக்கம் வைக்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு வாக்கியமாக விரல் வைத்து, "இதை யார் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டு போகச் சொன்னேன். வாக்கியத்தின் கடைசியில் குட்டி எண் இருந்தால் அதைத் தொட வேண்டும். எண் இருப்பது மட்டும் போதாது. அது காட்டும் இடத்தில் அந்தச் செய்தி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு வேலைக்குத்தான் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

நூல் வெளிவந்த ஆண்டிலேயே அவளுக்குக் குழப்பம். இணையத்தில் ஓரிடத்தில் 1940, இன்னோரிடத்தில் 1950. எதை அடிப்பது என்று கேட்டாள். எதையும் அடிக்க வேண்டாம். ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது 1940 ஜனவரியில், புத்தகமானது 1950இல். 'வெளிவந்தது' என்ற சொல்தான் இங்கே வம்பு. தொடரா நூலா என்று எழுதிவிட்டால் சண்டையே இல்லை.

அடுத்து அவளே ஒரு வரி சேர்க்க ஆசைப்பட்டாள். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் தொடங்கிய மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு உ.வே.சா. 1924 முதல் 1927 வரை முதல்வராக இருந்தார். நம்ம ஊர்ச் சம்பந்தம் கட்டுரையில் இருக்க வேண்டாமா? செய்தி சரி. ஆசையும் நியாயம்தான், செட்டிநாட்டில் யாருக்குத்தான் இருக்காது! அடிக்குறிப்பாக அவள் எழுதி வைத்திருந்தது: 'என் சரித்திரம்'.

"எந்த அத்தியாயம்மா?"

தாள் தாளாகப் புரட்டினாள். 122 அத்தியாயமும் முடிந்தன, சிதம்பரம் கல்லூரி வரவில்லை. வராது. அவர் பதிப்பித்த மணிமேகலை வந்தது 1898இல். அந்தக் காலத்தை ஒட்டிச் சரித்திரம் நின்றுவிடுகிறது. அவர் 1942 ஏப்ரலில் காலமானார், மீதி எழுதப்படவே இல்லை. மூன்று முறை படித்தவளுக்கே, அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது என்ற நினைப்பு. முகம் சுருங்கிவிட்டது பாவம். அந்த வரிக்கு வேறு நூலைத் தேடு, வரியை விட்டுவிடாதே என்றேன்.

தன்வரலாற்றுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கும்பகோணத்தில் முனிசீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த நாளை உ.வே.சா. 21.10.1880 என்று தேதியோடு எழுதுகிறார். படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ்ப் பட்டியலை இவர் ஒப்பிக்க, முதலியார் அசராமல் பழைய காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிற இடம். அப்போது இவருக்கு வயது 25. அதைத் தொடராக எழுதும்போது 85. அவர் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 60 வருடம் கழித்து, அதுவும் ஒரே ஒருவர் சொன்ன காட்சி அது. கலைக்களஞ்சியத்தில் அதை 'உ.வே.சா. எழுதியுள்ளபடி' என்றுதான் வைக்க வேண்டும். அந்தச் சந்திப்பு தமிழ்ப் பதிப்பு வரலாற்றையே திருப்பியது என்று எழுத வேண்டுமானால் அதற்கு வெளியாள் ஒருவரின் நூல் வேண்டும். தன்னைப் பற்றித் தானே சொன்னது சான்றாகலாம், நற்சான்றிதழ் ஆகாது.

கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தையும் உரையாடல் பக்கத்தையும் பார்க்கச் சொன்னேன். எந்த வரி எப்போது நுழைந்தது, யார் ஆட்சேபித்தார்கள் என்பதெல்லாம் அங்கே கிடக்கும்.

பிள்ளைகளுக்கு இவ்வளவு சொல்கிற நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு பக்கத்து ஊர்க் கோயில் குடமுழுக்கு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். திருப்பணி நடந்த ஆண்டை இணையக் கலைக்களஞ்சியத்தில் பார்த்து எழுதிக் கொடுத்தேன். அங்கே அந்த வரிக்கு அடிக்குறிப்பே இல்லை. அவசரம், விட்டுவிட்டேன். இரண்டு வருடம் கழித்து அதே பக்கத்தைத் திறந்தால், அதே ஆண்டுக்கு இப்போது அடிக்குறிப்பு இருக்கிறது: எங்கள் மலர், பக்க எண்ணோடு! கோயில் சுவரில் பதித்த கல்லில் இருப்பதோ வேறு ஆண்டு. வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. எழுதிக் கொடுக்கும்போது நான் போய்ப் பார்க்கவில்லை.

பழைய அச்சுப் பிரதிகளைத் தேடித் தேடிச் சேர்த்த ரோஜா முத்தையா இருந்த கோட்டையூர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அவருடைய சேகரிப்பு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. அந்த மண்ணில் இருந்துகொண்டு நான் செய்த வேலை இது.

கதையைக் கேட்டுவிட்டு அவள், "அந்த மலர் நம்ம நூலகத்துல இருக்கா மேடம்?" என்றாள். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஓரத்தில் கல்லில் உள்ள ஆண்டை நான் பென்சிலால் குறித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுக்குச் சான்று யாருன்னு எழுதலையே மேடம்?"

பென்சிலை வாங்கி, 'கிழக்கு மதில், உள்பக்கக் கல்' என்று கீழே எழுதினேன்.