நூபிய இசை ஏன் ஆளைக் கட்டிப்போடுகிறது: கேட்பவர்களும் ஒலிப்பதிவாளர்களும் தவறவிடுபவை

நூபிய இசை என்று பேச்செடுத்தாலே தியானம், ஆழ்நிலை, பாரோக்கள் காலத்துப் பழமை, குணமாக்கும் அதிர்வெண் என்று வரிசையாகக் கொட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒலிப்பதிவுக் கூடத்திலும் தாள வகுப்பிலும் இந்த இசையோடு புழங்குகிறவர்களுக்கு இது கொஞ்சம் எரிச்சல்தான். மயக்கம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஒரு சொல்கூடப் புரியாதவர்கள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் கேட்கிறார்கள். ஆனால் அந்த மயக்கம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கைவைத்துக் காட்டிவிடலாம். எதைச் செய்தால் அது கெடும் என்பதையும் சொல்லிவிடலாம். "மனஅமைதி" என்று பெயர் போட்டுச் சுற்றும் கோப்புகளில் பாதிக்கு மேல் அது கெட்டுப்போய்த்தான் இருக்கிறது.

நூபியா என்பது எகிப்தின் அஸ்வானில் தொடங்கி, நைல் நதியோடு தெற்கே போய் சூடானின் தொங்கோலாவையும் தாண்டி நீளும் ஆற்றங்கரை. நோபீன், கென்சி, தொங்கோலாவி ஆகியவை அங்குள்ளவர்களின் வீட்டு மொழிகள். அரபியைப் பள்ளியிலும் கடைவீதியிலும் பேசுகிறார்கள். அதனால் இதை "அரபு இசை" என்று அடுக்குவது முதல் பிழை. அரபு மக்காம்களில், அதாவது அவர்களின் ராகங்களில், வரும் கால்சுர நெளிவுகள் நூபியக் கிராமப் பாட்டில் கிடையாது. இது ஐந்து சுர இசை.

அந்த ஐந்து சுரங்களின் வீடு கிசிர் என்ற நரம்புக்கருவி. ஒரு மரக் கிண்ணத்தின் வாயில் தோல் போர்த்தியிருக்கும். கிண்ணத்திலிருந்து இரண்டு கைகள் விரிந்து மேலே ஒரு குறுக்குக் கட்டையில் முடியும். ஐந்து நரம்புகள் இருக்கும். முன்பு விலங்குக் குடலில் திரித்த நரம்பு, இப்போது எஃகுக் கம்பி. பிரடை கிடையாது. குறுக்குக் கட்டையில் துணிப்பட்டையைச் சுற்றி, நரம்பின் முனையை அதில் சிக்கவைத்து, அந்தச் சுருளைத் திருகித்தான் சுருதி சேர்க்க வேண்டும். புதுக்கம்பி போட்டால் சுருள் வழுக்கிச் சுருதி இறங்கும். கம்பியை நாலைந்து தடவை கையால் இழுத்துவிட்டு, சுருளை இறுக்கி, மறுபடி சேர்ப்பதுதான் வழி.

வாசிக்கும் முறைதான் இதில் விசேஷம். வலக்கை ஒரு தோல் துண்டாலோ கொம்புத் துண்டாலோ ஐந்து நரம்பையும் ஒரே வீச்சில் தேய்க்கும். இடக்கை விரல்கள் பின்பக்கமாக வந்து, வேண்டாத நரம்புகளைத் தொட்டு அடக்கி வைத்திருக்கும். ஒரு சுரம் வேண்டுமானால் அதன் மேலுள்ள விரலை மட்டும் எடுக்க வேண்டும். ஆக ஒவ்வொரு வீச்சிலும் இரண்டு ஒலி: திறந்த நரம்பின் சுரம், அடக்கிய நரம்புகளின் "சரக்". ஒரே கருவி பாட்டையும் தாளத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. கிட்டார் பழகியவர்கள் இங்கே தவறாமல் சறுக்குவார்கள். நரம்பை ஒவ்வொன்றாகக் கொக்கி இழுப்பார்கள். சுரம் சுத்தமாக வரும், அந்தச் சரசரப்பு போய்விடும், அதோடு ஆட்டமும் போய்விடும். விரலை அழுத்தி வைப்பது இன்னொரு பிழை. நரம்பை நகர்த்தக் கூடாது, தொட்டால் போதும்.

சுர அடுக்கைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சுருக்கமாகவே சொல்லலாம். மோகனம், மத்தியமாவதி, சுத்த சாவேரி ஆகிய கர்நாடக ராகங்களில் அடுத்தடுத்த சுரங்களுக்கு நடுவே அரைச்சுர நெருக்கம் இல்லை அல்லவா, அதே சங்கதிதான். மேல் ஷட்ஜத்துக்கு அரைச்சுரம் கீழே நிற்கும் காகலி நிஷாதம் வந்தால் அந்த ஷட்ஜத்துக்குப் போயே தீர வேண்டும் என்று காது கேட்கும். அந்த இழுப்பு இங்கே இல்லை. எந்தச் சுரத்திலும் நிற்கலாம், எதிலிருந்தும் மறுபடி கிளம்பலாம். முடிவு வந்தாக வேண்டும் என்ற நெருக்கடி இல்லாததால் ஒரே வரி சுற்றிச் சுற்றி வந்தாலும் சலிப்பதில்லை. இதைக் கேட்டவுடன் "அட, மோகனம்!" என்று ராகப் பெயர் சூட்டிவிட வேண்டாம். கமகமும் சஞ்சாரமும் வேறு. நின்று அசையும் சுரம் அபூர்வம். குரல் நேராகப் போய்ச் சுரத்தைத் தொட்டு, வரியின் கடைசியில் சரிந்து இறங்கும்.

மயக்கத்தின் பெரும்பங்கு தாளத்தில் இருக்கிறது. பல பாட்டுகளின் சுழற்சியை இரண்டு இரண்டாகவும் எண்ணலாம், மூன்று மூன்றாகவும் எண்ணலாம். காது ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் அதுவே தாவி மற்றதைப் பிடிக்கும். இசை மாறவில்லை, கேட்கிறவர் மாறியிருக்கிறார். வீட்டிலேயே செய்து பார்க்கலாம், இரண்டு பேர் போதும். ஒன்று முதல் ஆறு வரை ஒரே சீராக எண்ணுங்கள். ஒருவர் 1, 4 இல் தட்டட்டும். மற்றவர் 1, 3, 5 இல் தட்டட்டும். வேகம் குறைவாக, ஒரு எண்ணுக்கு அரை நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இது நூபியத் தாளத்தின் முழு வடிவம் அல்ல, அதன் எலும்புக்கூடு. மூன்று தட்டுகிறவர் எதிராளியைப் பார்த்து இரண்டுக்கு வழுக்குவதும், இருவரும் சேர்ந்து வேகம் ஏற்றுவதும்தான் வழக்கமாக நடக்கும். இருவரும் "தகிட தகிட" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினால் நிற்கும். ஐந்து நிமிடம் பிசகாமல் போனால், யார் எதைத் தட்டுகிறார் என்பது மறந்து மூன்றாவதாக ஒரு வடிவம் காதில் எழும். நூபியத் திருமணத்தில் வரிசையாக நிற்கும் ஆட்கள் கையாலும் காலாலும் எழுப்புவது அதைத்தான்.

இதற்கு அடியில் ஓடுவது தார். ஒரு பக்கம் மட்டும் ஆட்டுத்தோல் போர்த்திய வட்டச் சட்டப்பறை, குறுக்களவு ஏறத்தாழ 40 செ.மீ. ஜால்ரா கிடையாது. தோலில் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி அடித்தால் ஆழ்ந்த "தூம்", விளிம்பில் "தக்". அஸ்வான் பக்கம் மழை என்பதே அரிது. தோல் எப்போதும் விறைப்பாக இருக்கும். அதே கருவி சென்னைக்கோ கொழும்புக்கோ வந்தால் ஒரே நாளில் தொய்ந்து "தொப்" என்று சத்தமிடும். பறையைத் தீயில் காய்ச்சுவது போல இதையும் காய்ச்சலாம். ஆனால் தோல் மெல்லியது, ஒரே இடத்தில் காட்டினால் கிழிந்துவிடும். சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், விரல் வைத்தால் சுடாத தூரத்தில். ஈரமான ஊர்களில் வாசிக்கிறவர்கள் உள்ளே திருகாணி வைத்த சட்டமாக வாங்குவது நல்லது. செயற்கைத் தோல் தொய்யாது, ஆனால் ஒலி தேவைக்கு மேல் நீண்டு கைத்தட்டலின் மீது வழியும்.

கேட்பவர்கள் செய்யும் பெரிய தவறு ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்பது. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் அநேகமாக ஒன்றும் வராது. தாரின் "தூம்" அங்கேதான் இருக்கிறது. அது போனபின் மிஞ்சுவது கைத்தட்டலும் குரலும் மட்டும். பிறகு "ஒரே மாதிரி இருக்கிறதே" என்ற புகார் வரும். சுமாரான ஹெட்ஃபோன் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை.

ஒலிப்பதிவாளர்களுக்கு: ஆளுக்கொரு மைக் வைக்காதீர்கள். கைத்தட்டல்கள் காற்றில் ஒன்றோடொன்று பின்னுவதுதான் இந்த இசை. இரண்டு மைக்கைச் சேர்த்து ஸ்டீரியோவாக, வரிசைக்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்தால் அந்தப் பின்னல் அப்படியே கிடைக்கும். தாருக்கு வேண்டுமானால் விளிம்புப் பக்கமாக ஒன்று, 30 செ.மீ. தள்ளி. பேச்சுக்குப் போடும் பழக்கத்தில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் வடிகட்டியைப் போட்டுவிடுகிறார்கள், அதை எடுத்துவிடுங்கள். கைத்தட்டலின் முனை திடீரென எகிறும். குரலுக்கு அளவு பார்த்துவிட்டுப் பதிவைத் தொடங்கினால் முதல் தட்டலிலேயே ஒலி கிழியும். எல்லாரையும் உரக்கத் தட்டச் சொல்லி, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள்.

பதிவு முடிந்த பிறகு நடக்கும் கொலை வேறு. நான்கு சுற்றை வெட்டி, தட்டல்களை எல்லாம் கணினிக் கட்டத்துக்குள் இழுத்து ஒட்டி, பத்து நிமிடத்துக்கு லூப் போடுவது. உயிருள்ள கச்சேரியில் எந்தச் சுற்றும் முந்தைய சுற்றின் நகல் அல்ல. ஒருவர் தட்டலை மில்லிநொடிக் கணக்கில் முந்துவார், ஒருவர் பிந்துவார், வேகம் தெரியாமல் ஏறும், குரல் ஒரு அசை தள்ளி நுழையும். இந்தச் சிறு மாற்றங்களைத்தான் காது துரத்திக்கொண்டிருக்கிறது. லூப்பில் துரத்த ஒன்றும் இல்லை.

குணமாக்கும் சுருதி 432 ஹெர்ட்ஸ் என்று போடும் கோப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 440 என்ற தர அளவிலிருந்து 432க்கு இறக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 32 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கும் இல்லாத இறக்கம். கிசிர் பாடுகிறவரின் குரலுக்குச் சேர்ப்பது. அதற்கு 440ம் கிடையாது, 432ம் கிடையாது. திருமணப் பாட்டுக்கு "ஸார்" என்று பெயர் போடுவதும் அதே வகை. ஸார் எகிப்திலும் சூடானிலும் ஆவியைச் சாந்தப்படுத்த நடத்தும் தனிச் சடங்கு. கல்யாண வீட்டுக் கும்மாளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மனது இதமாவதற்குக் கேளுங்கள், தாராளமாக. மருந்துக்குப் பதிலாக வேண்டாம். இரவில் தனியாக வண்டி ஓட்டும்போதும் வேண்டாம், கண் செருகும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நூபிய இசைக்கலைஞர் ஹம்சா எல் தீனின் "எஸ்கலே", 1971இல் இசைத்தட்டாக வந்தது. மாடு கட்டி நைல் நீரை இறைக்கும் மரச்சக்கரத்தைப் பற்றியது, இருபது நிமிடத்துக்கும் மேல் ஓடும். இதில் வாசிப்பது ஊத் என்ற அரபு நரம்புக்கருவி, கிசிர் அல்ல. ஊத் நூபியக் கிராமத்துக் கருவியே இல்லை. கெய்ரோவில் அதைக் கற்று, தன் ஊர்த் தாளத்தை அதில் ஏற்றியவர் அவர். ஆக "கலப்படமில்லாத பழமை" என்று கொண்டாடப்படும் இந்தப் பதிவே இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு. முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். பத்தாவது நிமிடத்துக்குத் தாவாதீர்கள். அது முடிந்த பிறகு அலி ஹசன் கூபானைக் கேட்டுப் பாருங்கள். சாக்ஸபோன், மின்கிட்டார், அக்கார்டியன் எல்லாம் வைத்து அதே ஐந்து சுரத்தில் கல்யாணக் கூட்டத்தை ஆட்டிவைத்தவர். மயக்கத்துக்கு அமைதி கட்டாயமில்லை என்பது அப்போது விளங்கும்.

ஹம்சா 1929இல் எகிப்து நூபியாவின் தோஷ்கா கிராமத்தில் பிறந்தவர். மின்பொறியாளராகப் படித்தவர். நைலில் பெரிய அணை வரப்போகிறது, ஊர்கள் மூழ்கப்போகின்றன என்று தெரிந்ததும் கழுதை மீதேறி ஊர் ஊராகப் போய்ப் பாட்டு சேகரித்தார், மக்களை எச்சரித்தார். 1964இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் அவர் வாசித்த அதே காலகட்டத்தில்தான் தோஷ்கா காலியானது. 1963-64இல் அஸ்வான் உயர் அணைக்காக இரு நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ ஒரு லட்சம் நூபியர்கள் பெயர்க்கப்பட்டார்கள். எகிப்துக்காரர்கள் கோம் ஓம்போவுக்கு, ஆற்றங்கரையை விட்டுத் தள்ளி; சூடானின் வாதி ஹல்ஃபாக்காரர்கள் தூரக் கிழக்கில் கஷ்ம் எல் கிர்பாவுக்கு. பாரோக்கள் கட்டிய அபு சிம்பெல் கோயிலை, அணை நீரில் மூழ்காதிருக்க, துண்டு துண்டாக அறுத்து மேலே ஏற்றியது உலகத்துக்கே தெரியும். அதன் பக்கத்து ஊர்களைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. இன்று காதில் விழும் நூபியப் பாட்டுகளில் ஊர்ப் பெயரும் ஆறும் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான். அதை வெறும் "ரிலாக்ஸ்" இசையாகப் போட்டுவிடுவது சங்கடமான காரியம்.

வீடியோவுக்கோ நடனத்துக்கோ இந்த இசையை எடுப்பவர்கள் "பாரம்பரியம், யாருக்கும் சொந்தமில்லை" என்ற குறிப்பை நம்ப வேண்டாம். எகிப்தியப் பாடகர் முகமது முனீர் பாடிப் பிரபலமான பல மெட்டுகள் இசையமைப்பாளர் அகமது முனீப் போட்டவை. ஹம்சா இறந்தது 2006இல். இந்தியச் சட்டத்தில் இசையமைப்பாளரின் உரிமை அவர் மறைந்து 60 ஆண்டு நீடிக்கும். மெட்டுக்கு ஒரு அனுமதி, ஒலிப்பதிவுக்குத் தனியாக ஒரு அனுமதி. இரண்டையும் வாங்க முடியாவிட்டால், ஒரு தாரும் நாலு பேர் கைத்தட்டலும் வைத்துப் புதிதாகவே பதிவு செய்துகொள்ளலாம். மைக் எங்கே வைப்பது என்று மேலே சொல்லியாகிவிட்டது.