ஊர்ப்பெயரை மாற்றினால் ரீமேக் ஆகிவிடுமா?

"ஒரிஜினலே ஓடிடியில தமிழ்ல கிடக்குது, அப்புறம் இன்னாத்துக்கு ரீமேக்கு?" தண்டையார்பேட்டை டீக்கடையில் என்னிடம் இதைக் கேட்காத ஆள் இல்லை. வேற்றுமொழிப் படங்களைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது திரைக்கதையிலும் வசனத்திலும் வேலை பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் கேட்கும்போது கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். ஆனால் கேள்வி நியாயமானது. அகஸ்தியா தியேட்டர் ஓடிய காலத்தில், ஒரு மலையாளக் கதை எங்கள் தெருவுக்கு வர வேண்டுமென்றால் யாராவது அதைத் தமிழில் எடுத்தாக வேண்டும். இன்று டப்பிங், சப்டைட்டில் எல்லாம் போனிலேயே கிடைக்கிறது. கதை தெரிந்துகொள்வதற்காக யாரும் டிக்கெட் எடுக்கப் போவதில்லை.

அப்புறம் எதற்காக எடுப்பது? அந்த ஊரில் கதையை நகர்த்தியது எது என்று கண்டுபிடித்து, இந்த ஊரில் அதே வேலையைச் செய்யும் ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தால் தாராளமாக எடுக்கலாம்.

1993இல் ஃபாசில் எடுத்த 'மணிச்சித்திரத்தாழு' படத்தில் வரும் நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழ் நாட்டியக்காரி. மலையாளம் பேசும் வீட்டுப் பெண் தன்னை அவளாகவே நினைத்துக்கொண்டு திடீரென்று தமிழ் பேசுவதில்தான் திகிலே இருக்கிறது. அதை அப்படியே தமிழில் எடுத்தால் யார் பயப்படுவார்கள்? 2005இல் 'சந்திரமுகி'யில் பி. வாசு அவளைத் தெலுங்குக்காரி ஆக்கினார். 2007இல் பிரியதர்ஷன் இந்தியில் எடுத்தபோது அவள் வங்காளி. 'இவளுக்கு இந்தப் பாஷை எப்படி வந்தது' என்ற நடுக்கம் மட்டும் எங்கேயும் குறையவில்லை.

தெலுங்கு 'ஒக்கடு' 'கில்லி'யான கதையும் இப்படித்தான். கர்னூல் மதுரையானது, சார்மினாருக்குப் பதில் நம் கலங்கரை விளக்கம் வந்தது. இரண்டு படத்திலும் வில்லன் பிரகாஷ்ராஜ்தான், ஆனாலும் 'கில்லி'யின் முத்துப்பாண்டி வேறு ஆள். 2024இல் மறுபடி வெளியிட்டபோது, வசனம் முழுக்க மனப்பாடமாகத் தெரிந்தவர்கள்தான் தியேட்டரை நிரப்பினார்கள்.

'பாபநாசம்' வேறு மாதிரி. 'த்ரிஷ்யம்' எடுத்த அதே ஜீத்து ஜோசப், கிட்டத்தட்ட அதே காட்சிகள். படிப்பில்லாத ஒருவர், வீட்டில் நடந்த கொலையை மறைக்க, பார்த்த சினிமாக்களை வைத்தே போலீஸைச் சமாளிக்கிறார் என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஜெயமோகன் வசனமும் நெல்லைப் பேச்சும் மீதியைப் பார்த்துக்கொண்டன. ஆனால் இதே கதையை வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் எடுக்க முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். விடியற்காலை தண்ணி லாரி வந்தால் குடத்தோடு மொத்த பிளாக்கும் கீழே இறங்கிவிடும். அங்கே ரகசியம் காக்க வேண்டுமென்றால் கதையையே வேறு மாதிரி யோசிக்க வேண்டும்.

இந்த யோசனைக்குத்தான் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. டிஸ்கஷனில் 'நேட்டிவிட்டி சேர்த்துக்கலாம் சார்' என்பார்கள். வடசென்னை என்றால் அதற்கு ஒரு லுங்கி, ஒரு கானா, நாலு ரவுடி, வரிக்கு ஒரு 'இன்னாமே' என்று அர்த்தம். இங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு அதைக் கேட்டாலே பத்திக்கொண்டு வரும்.

கேரளக் கடலோரக் கதை ஒன்றைக் காசிமேட்டுக்கு மாற்றும் வேலை ஒருமுறை வந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் நின்று, விசைப்படகில் போகிறவன் கடன்காரனிடம் சிக்குவான். அவன் மனைவி கொட்டும் மழையில் கரையில் நின்று அழுவாள். மீன் ஏலத்தில் நிற்கும் ஓர் அக்காவிடம் காட்சியைச் சொன்னேன். "இன்னா தம்பி, தடைக்காலத்துல ஏது மழ? மண்டய பொளக்குற வெயிலு. அப்போ யாரு கரையில நின்னு அழுவுறா? அடகுக் கடையிலதான் நிப்பா" என்றார்.

சரிதானே. கேரளத்தில் டிராலிங் தடை ஜூன், ஜூலை மழைக்காலத்தில் வருகிறது. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கத்திரி வெயில் முழுக்க அதற்குள் அடக்கம். மழையை எடுத்தோம். கரையில் ஏற்றிய படகுக்குப் பெயின்ட் அடிக்கும் ஆண்கள், பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்து ஃபீஸ், அடகுக் கடை வரிசை என்று காட்சி தானாக வேறு வடிவம் எடுத்தது. அழுகையே தேவைப்படவில்லை.

டிக்கெட் எடுக்குமுன் டிரெய்லரை ஒருமுறை பாருங்கள். ஒரிஜினலில் பார்த்த அதே ஷாட்டுகள் அதே வரிசையில் வந்தால் வீட்டிலேயே இருந்துவிடலாம். படத்துக்குள் போய்விட்டீர்களா, நாயகன் எப்படிச் சம்பாதிக்கிறான், மாசக் கடைசியில் யாரிடம் கை நீட்டுகிறான் என்று கவனியுங்கள். அது தெளிவாக இருந்தால் எழுதியவர் இந்த ஊரில் நடந்து பார்த்திருக்கிறார். இரண்டையும் பார்ப்பதாக இருந்தால் என் யோசனை, ரீமேக்கை முதலில் பாருங்கள். ஒரிஜினலைப் பார்த்துவிட்டுப் போனால் படத்தைப் பார்க்க மாட்டீர்கள், எது விட்டுப்போச்சு என்று கணக்குதான் பார்ப்பீர்கள். நானும் அப்படித்தான், தொழில் வேறு இதுவாகிப் போச்சு.